வடசேரி அடுக்களையில் வெள்ளைக் கல்

அம்மையின் அடுக்களையில் வெள்ளையாக இருந்தவை சோறு, தேங்காய்த் துருவல், உப்பு, மோர். மற்றதெல்லாம் கரி. உத்தரம் கரி, ஓட்டின் உட்புறம் கரி, பானைகளின் அடி கரி. அடுப்புக்கு நேர் மேலே, சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெயும் புகையும் சேர்ந்து பிசுபிசுத்த கரி. தை பிறக்கும் முன் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மற்ற அறைகளுக்கு ஒரு பூச்சு என்றால் அடுக்களைக்கு இரண்டு. மாசி முடிவதற்குள் சுவர் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

அதே வீட்டில், நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில், அதே நான்கு சுவருக்குள் என் மருமகள் இப்போது கேட்டது வெள்ளை மேடை. "முழுசா வெள்ளையா இருக்கணும் அத்தை. ஒரு புள்ளிகூட இருக்கப்பிடாது."

டிவியில் பார்த்து வந்த மோகம், நம்ம ஊர்ச் சமையலுக்கு ஒத்துவராது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மை விரும்பியதும் இதைத்தான். எது அழுக்கு, எது கரி, எது நிழல் என்று பிரித்தறிய முடியாத இடத்தில் வாழ்நாளெல்லாம் சமைத்தவளுக்கு, பார்த்ததும் சுத்தம் தெரிகிற ஒரு சாண் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த ஆசை நியாயமானது. அதற்கு எந்தக் கல், யார் வெட்டிய கல் என்பதுதான் கேள்வி.

அம்மை உட்கார்ந்தே சமைத்தாள். அடுப்பு தரையில், அம்மி தரையில், ஆட்டுரல் தரையில், அரிவாள்மணை தரையில். விறகை விலைக்கு வாங்குவது அபூர்வம். தென்னை தந்ததுதான் எரிந்தது: சிரட்டை, கொதும்பு, காய்ந்த மடல், கதம்பை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் காண்கிற மாவட்டம் இது. ஆனியிலும் நனையும், ஐப்பசியிலும் நனையும். ஈரக் கதம்பை லேசில் பற்றாது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதி, கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அதற்குப் பிறகுதான் தீ நாக்கு நீட்டும். பீடி, சுருட்டுப் பக்கம் போகாத பெண்ணுக்கு அறுபது வயதுக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "அவளுக்கு இழுப்பு உண்டு" என்று சொல்லி எல்லாரும் நகர்ந்துவிட்டோம். மூடிய அறையில் ஆண்டுக்கணக்காக விறகுப் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் இன்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அன்று அடுப்புக்கும் இழுப்புக்கும் எங்கள் வீட்டில் யாரும் முடிச்சுப் போடவில்லை.

கேஸ் வந்த வருஷம் மேடையும் வந்தது. உருளை கீழே, அடுப்பு மேலே என்றால் அடுப்புக்கு ஒரு மேடை வேண்டுமே. அம்மை எழுந்து நின்று சமைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். அந்த மேடையும் வெள்ளைதான் என்பதை மருமகள் நம்பவில்லை.

அப்பா மொசைக் போடச் சொன்னார். கோட்டயத்துப் பக்கம் நாட்டகத்தில் 1946-இல் தொடங்கிய திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ், வேம்பநாட்டுக் காயலில் அள்ளிய சிப்பியை எரித்து வெள்ளை சிமெண்ட் செய்தது. அதற்குப் பெயரும் 'வேம்பநாடு' என்றே. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும், வீடு கட்டுகிற விஷயத்தில் எங்கள் ஆட்களின் கண் வடமேற்கே திருவனந்தபுரம், கோட்டயம் பக்கமே இருந்தது. அந்த வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் சில்லைக் கலந்து, கான்கிரீட் பலகை மேல் விரித்துக் கெட்டித்தார்கள். இறுகிய பிறகு தொடங்கியது உண்மையான வேலை. கார்பரண்டம் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே நின்று தேய்ப்பார்கள். அவர்கள் தேய்க்கும்போது சிறுவன் ஒருவன் சிரட்டையில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பான். மேடையிலிருந்து வெள்ளைச் சேறு வழிந்து தரையெல்லாம் ஓடும். முதலில் முரட்டுக் கல், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ் கல். நடுநடுவே சின்னத் துளைகளில் வெள்ளை சிமெண்ட் பசை தடவி அடைப்பார்கள். முடிவில் ஆக்சாலிக் பொடி தூவிப் பளபளப்பு ஏற்றுவார்கள். தண்ணீர் வற்றினால் தேய்ப்பு நிற்கும். தண்ணீர் இல்லாமல் அந்த வேலையை யாரும் செய்ததில்லை. இந்த விவரத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

அம்மை அந்த மேடையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஓய்ந்தாள். ஆனால் எங்கள் சமையல் புளிச் சமையல். புளிக்கறி, தீயல், மீனென்றால் புளிமுளம். கரைத்த புளியின் சொட்டு எங்கெல்லாம் விழுந்து காய்ந்ததோ அங்கெல்லாம் பளபளப்பு போயிற்று. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. சிப்பியும் சலவைக்கல்லும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். வெள்ளை சிமெண்டும் அமிலம் தாங்காது. அமிலம் பட்டால் கரையும் என்பது பள்ளிக்கூட வேதியியல். சில வருஷத்தில் அடுப்பைச் சுற்றி சிமெண்ட் அரித்து, சில்லுகள் விரலில் தட்டுப்பட்டன. அந்தக் குழிகளில் மஞ்சள் புகுந்துகொண்டது.

அதற்கு மேல் கடப்பா கல் ஒட்டினார்கள், பிறகு கருப்பு கிரானைட். ஊர் முழுக்க அந்தக் காலம் அப்படித்தான் போயிற்று. கருப்பு என்றால் அழுக்கு தெரியாது என்பதே அதற்குச் சொன்ன நியாயம். கடப்பாவும் சுண்ணாம்புக்கல் இனமே. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளிறிவிடும். அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கருப்பை மீட்டுக்கொள்வோம்.

இப்போது மருமகளுக்காக நாகர்கோவிலின் கல் கடைகளில் ஏறி இறங்கினேன். வெள்ளையில் இத்தனை சாதியா என்று மலைப்பு வந்தது. ராஜஸ்தான் மக்ரானா மார்பிள். வெள்ளை கிரானைட். சீனத்திலிருந்து வரும் 'நானோ வைட்', அதாவது கண்ணாடியை உருக்கிப் படிகமாக்கிய பலகை. குவார்ட்ஸ். அக்ரிலிக் பிசினில் அலுமினா கலந்த கொரியன் வகை. அதை டூபாண்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கியது. குஜராத்தின் மோர்பியில் சுட்டு எடுக்கும் பெரிய போர்சலின் பலகை. எல்லாக் கடையிலும் எல்லாவற்றுக்கும் சொன்ன உத்தரவாதம் ஒன்றே: "ஒண்ணும் ஆகாது டீச்சர்."

நான் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவுத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் தந்தார்கள், உடைந்த துண்டுகள் எப்போதும் கிடக்கும். வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு கெட்டிப் புளி, ஒரு சொட்டு எலுமிச்சை, மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய், கொஞ்சம் மீன் குழம்பு வைத்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் மருமகளே துடைத்துப் பார்த்தாள்.

மார்பிளில் எலுமிச்சை விழுந்த இடம் வட்டமாகப் பளபளப்பிழந்து, நகத்தால் தடவினால் சொரசொரத்தது. தாஜ்மகாலைக் கட்டிய கல்தான். ஆனால் தாஜ்மகாலில் யாரும் மாங்காய்ப் பச்சடி அரைக்கவில்லை. வெள்ளை கிரானைட்டில் புளி ஒன்றும் செய்யவில்லை, எண்ணெய் உள்ளே இறங்கி நிழல் விழுந்த மாதிரி கருத்துவிட்டது. நானோ வைட்டில் ஒரு கறையும் இல்லை. துடைத்ததும் பிறந்த கோலத்தில் இருந்தது. ஆனால் துண்டின் விளிம்பில் கரண்டிக் காம்பு தட்டியதும் ஒரு சில்லு பெயர்ந்தது. எங்கள் வீட்டில் தேங்காயை மேடை விளிம்பில் தட்டி உடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கொரியன் வகையில் மஞ்சள் தங்கியது, தேய்த்தால் போயிற்று. போர்சலின் தாங்கியது. குவார்ட்ஸில் லேசான மஞ்சள் நிழல் மட்டும். அந்தத் துண்டை முற்றத்து வெயிலில் வைத்தோம், சாயங்காலத்துக்குள் மங்கிவிட்டது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதையும்.

அடுத்தது சூடு. நேந்திரங்காய் உப்பேரி வறுத்த இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே துண்டுகள் மேல் வைத்தோம். கிரானைட்டும் போர்சலினும் அசையவில்லை. கொரியன் வகை துண்டு வளைந்தது. குவார்ட்ஸில் சட்டியின் அடி பட்ட இடம் பழுப்பு வளையம் விழுந்தது. வெயிலுக்கும் போகவில்லை, தேய்த்தாலும் போகவில்லை. குவார்ட்ஸ் என்று கடையில் சொல்வது முழுக்கக் கல் இல்லை. படிகக்கல் தூளைப் பாலியெஸ்டர் பிசினோடு கலந்து, காற்றை உறிஞ்சி, அதிரவைத்து அமுக்கிச் செய்வது. இத்தாலியின் பிரெட்டோன் நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் படிகம்தான். ஆனால் அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது பிசின். வறுசட்டியின் சூட்டுக்கு அது நிற்காது.

மருமகளின் மனம் அப்படியும் குவார்ட்ஸிலேயே இருந்தது. சட்டிக்கு அடியில் முக்காலி வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவளைக் கவர்ந்தது அதன் வெள்ளை. புள்ளி, கோடு, பழுப்பு எதுவும் இல்லாத வெள்ளை. மலையிலிருந்து வெட்டிய எந்தக் கல்லிலும் கிடைக்காதது. அந்த நிறத்தைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டில், காகிதத்தில், பிளாஸ்டிக்கில் வெள்ளை வேண்டுமென்றால் உலகம் தேடிப் போவது இதைத்தான். அது இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து வருகிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் அடர்ந்த கருப்பு. எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் அதுவே.

வடசேரி பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கரையில் இறங்கிவிடலாம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுத்த தோரியத்தால் கேஸ் விளக்கின் வலை மினுங்கியது. பிறகு மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்று மணலைப் பிரிக்கிறது. திருவனந்தபுரத்தில் 1946-இல் தொடங்கிய திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை இந்தியாவில் முதன்முதலாக அந்த வெள்ளைப் பொடியைச் செய்தது. சின்ன வயதில் அந்தக் கரையில் நடந்து வந்தால் பாதம் கருத்துவிடும். வீட்டு வாசலில் அம்மை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அவள் வெளியே நிறுத்திய அந்தக் கருப்புதான் பேத்தி காலத்து அடுக்களைக்கு வெள்ளையாகத் திரும்பி வருகிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் இந்த மணலை அள்ளும் திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் போராடுகின்றன. கடல் அரிக்கும், கதிரியக்கம் பரவும் என்ற அவர்கள் பயத்தை, வெள்ளை வேண்டும் என்று கடையில் நிற்கிற நான் கேட்காமல் இருக்க முடியாது.

இருந்தாலும் குவார்ட்ஸ் வேண்டாம் என்று நான் முடிவு கட்டியது மணலால் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அதே கல்லை வெட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்ததால்.

முப்பது வயது இருக்காது. முற்றத்தில் இரண்டு மரக்கட்டை மேல் பலகையைப் போட்டு, கையில் கட்டிங் மெஷினோடு குனிந்திருந்தான். ஸிங்க் பொருத்த ஓட்டை போடுகிறான். பலகை மேல் தண்ணீர் இல்லை. மெஷின் இறங்கியதும் புகை எழுந்தது. புகை என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் தூசி. வாயைச் சுற்றி ஒரு துவர்த்து கட்டியிருந்தான். புருவம் வெள்ளை, கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் வெள்ளை, காது மடலின் உள்பக்கம் வெள்ளை. மெஷினை நிறுத்தித் துவர்த்தை அவிழ்த்தபோது மூக்கின் கீழே, துணி மூடியிருந்த இடத்திலும், இரண்டு வெள்ளைக் கோடு இருந்தது. சுவரோரச் செம்பருத்தி இலையெல்லாம் பொடி.

"தண்ணி விட்டு வெட்டப்பிடாதா மக்கா?" என்றேன்.

"வீட்டுக்காரங்க சேறாவும்னு திட்டுவாங்க டீச்சர். பழகிப்போச்சு. சாயந்திரம் ரெண்டு வாழைப்பழம் தின்னா தூசி இறங்கிரும்."

வாழைப்பழம் வயிற்றுக்குப் போகும். அந்தத் தூசி போகிற இடம் வேறு. படிக சிலிக்காவின் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். தழும்பு பரவப் பரவ மூச்சு சுருங்கும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்து இல்லை. காச நோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் பெரும்பாலும் 20 முதல் 45 சதவீதம். குவார்ட்ஸ் பலகையில் 90-க்கு மேல். இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் கலிபோர்னியாவிலும் இந்தப் பலகையை வெட்டிய இளைஞர்கள் நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடையே செய்துவிட்டது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே சிலிக்கோசிஸ் இடம்பெற்றிருந்தது. ஆனால் வடசேரியில் ஒரு வீட்டு முற்றம் தொழிற்சாலை ஆகாது. அங்கே வந்து பார்க்க ஆய்வாளர் இல்லை.

அம்மையின் மார்பில் இறங்கிய புகையை கேஸ் அடுப்பு நிறுத்தியது. இப்போது அதே அடுக்களைக்காக, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மார்பில் தூசி இறங்குகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேறு ஆகுமே என்பதற்காக ஒருவனின் மூச்சைக் கொடுப்பதா? சிரட்டையில் தண்ணீர் விட்டு மொசைக் தேய்த்த காலத்தில் எங்கள் வீட்டில் சேறு ஓடியது. அம்மை வாரியலை எடுத்துத் தள்ளினாள், முடிந்தது. ஈரமாக வேலை செய்ய எங்கள் கொத்தனார்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் பார்த்ததை மருமகளிடம் அப்படியே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளி இருந்தாலும் பரவால்ல அத்தை, கிரானைட்டே பாப்போம்" என்றாள்.

இரண்டு கல் என்று முடிவாயிற்று. அடுப்பும் ஸிங்க்கும் இருக்கிற நீளத்துக்குக் கருப்பு கிரானைட். புளியும் சட்டியும் எண்ணெயும் புழங்குகிற இடம் அது. ஜன்னலோரமாக, மாவு பிசையவும் காய் நறுக்கவும் உள்ள நீளத்துக்கு வெள்ளை. 'காஷ்மீர் வைட்' என்று விற்பது காஷ்மீரத்துக் கல் அல்ல, மதுரைப் பக்கத்து மலை. வெண்மைக்கு நடுவே சின்னச் சின்ன அரக்குச் சிவப்புப் புள்ளி. அவை கார்னெட், கன்னியாகுமரியில் பொட்டலம் போட்டு விற்கும் சிவப்பு மணலும் அதே கனிமம். கோயில் நகைக்குச் சிவப்புக் கல் பதிக்கிற ஊரில் பிறந்த என் கண்ணுக்கு அந்தப் பலகை யாரோ கெம்பு சிந்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. மருமகளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

அந்த மலையைப் பற்றியும் எனக்கு நிம்மதி இல்லை. மதுரை மாவட்டத்தில் அனுமதி மீறி நடந்த கிரானைட் வெட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று 2012-இல் அங்கே ஆட்சியராக இருந்த உ. சகாயம் அறிக்கை கொடுத்தார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. கடையில் எந்தக் குவாரி என்று கேட்டேன். "மதுரைப் பக்கம்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. முறையான பில் கேட்டு வாங்கினேன். வாங்குகிறவளால் அந்த இடத்தில் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெட்டுவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேடையின் அளவை பிளைவுட்டில் வெட்டி, ஸிங்க் ஓட்டை, அடுப்பு மூலை எல்லாம் அதில் குறித்துக் கடைக்கு அனுப்பினோம். அங்கே தண்ணீர் பாயும் பெரிய மெஷினில் அறுத்து, விளிம்பும் உருட்டித் தர வேண்டும் என்று பேசி, அதற்கு அதிகம் கேட்டதைக் கொடுத்தோம். வீட்டில் தேய்க்க வேண்டியிருந்தது சுவரோர மூலை ஒன்று. அதைப் பொருத்த வந்தது நான் பார்த்த அதே தம்பி. நான் வாங்கி வைத்திருந்த என்95 முகமூடியை முதலில் கூச்சத்தோடு வாங்கினான். அவன் தேய்க்க, என் மகன் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டான். அடுக்களைத் தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. கழுவித் தள்ள அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளைப் பலகைக்கு எண்ணெய் இறங்காமல் இருக்க சீலர் அடித்திருக்கிறோம். தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி அடிக்க வேண்டும். மருமகள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். ஜன்னலோரத்தில் மஞ்சள் சிந்தினால் ஓடி வந்து துடைக்கிறாள். அடுப்புப் பக்கம் சிந்தினால் சமையல் முடியட்டும் என்று விடுகிறாள்.

போன வாரம் கிருஷ்ணன்கோயிலிலிருந்து என்னோடு வேலை பார்த்த சிநேகிதி மேடையைப் பார்க்க வந்தாள். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான், அவளும் வெள்ளைதான் போடப்போகிறாள். கல் எதுவானாலும் சரி, எங்கே வைத்து வெட்டுவார்கள், தண்ணீர் விட்டு வெட்டுவார்களா என்று முதலில் கேள் என்றேன். நேற்று போன் பண்ணினாள். "கேட்டேன். எல்லாம் உங்க முற்றத்திலேயே வச்சு வெட்டித் தருவோம், தண்ணியெல்லாம் வேண்டாம்னுட்டான். நான் வேற கடை பாக்கேன்."